மழைக்கு வாய்ப்பு உள்ளதா? நாளையைச் சொல்லும் ஆங்கிலமும் நமது தமிழும்

மேச்சேரி மேட்டு நிலத்து ஊர். காவிரியைத் தேக்கி நிற்கும் மேட்டூர் அணை அருகிலேயே இருந்தும், இங்கே நிலக்கடலை விதைப்போர் பலருக்கு வானம்தான் வாய்க்கால். ஆடி மாதத்து மாலை ஒன்றில் மஃரிப் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தபோது, எங்கள் தெருவில் இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தம் கைபேசியை என்னிடம் நீட்டினார். சேலம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழைக்கு வாய்ப்பு உள்ளது என்று அதில் செய்தி வந்திருந்தது. “பாய், நீங்க நாலு மொழி படிச்சவங்க. இது பெய்யும்னு சொல்றாங்களா, பெய்யாதுன்னு சொல்றாங்களா?” என்று கேட்டார்.

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. முந்தைய வாரம் பெய்த ஒரு மழையில் மண் நனைந்திருந்தது. ஏக்கருக்கு ஏறக்குறைய 50 கிலோ விதைப்பருப்பு வேண்டும். இரண்டு ஏக்கருக்கான விதையை உடைத்து வீட்டில் குவித்து வைத்திருந்தார். அடுத்த மழை வருமென்றால் மறுநாளே ஏர் பூட்டலாம். வராதென்றால் முளை விட்ட பருப்பு மண்ணுக்குள்ளேயே கருகிப் போகும். பெய்யும் என்றோ பெய்யாது என்றோ ஒரு விடை அவருக்குத் தேவைப்பட்டது. செய்தியிலோ இரண்டுக்கும் இடம் இருந்தது.

வானிலைத் துறையின் ஆங்கில அறிக்கையைத் தேடிப் படித்தேன். ஓரிரு இடங்களில் மழை ‘லைக்லி’ என்று அதில் இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பற்றி எழுந்த ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம். ஆங்கிலம் பேசுவோர் நாளை நடப்பதை எப்படிச் சொல்கிறார்கள்? தம் உறுதியின் அளவை எந்தச் சொல்லில் வைக்கிறார்கள்? அந்தச் சொல் தமிழுக்கு வரும்போது அளவு எங்கே தொலைகிறது?

விருப்பமும் கடனும்

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகள் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என மூன்று கட்டங்கள் போட்டு மனனம் செய்கிறார்கள். ஆனால் ஆங்கில வினைச்சொல்லில் எதிர்காலத்தைக் காட்டும் தனி உருபு கிடையாது. ‘போனான்’ என்பதற்கு வினையே உருமாறுகிறது. ‘போவான்’ என்பதற்கோ வேறொரு சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. அப்படி அழைக்கப்பட்ட சொற்களுள் முதன்மையானவை ‘வில்’, ‘ஷல்’ என்னும் இரண்டு. பழைய ஆங்கிலத்தில் முன்னதற்கு விரும்புதல் என்றும், பின்னதற்குக் கடன்பட்டிருத்தல் என்றும் பொருள். நாளையைப் பற்றிப் பேச அம்மக்கள் விருப்பத்திடமிருந்தும் கடனிடமிருந்தும் சொல்லை இரவல் வாங்கினார்கள் என்பது சிந்தனைக்குரியது.

1653ஆம் ஆண்டில் ஜான் வாலிஸ் என்னும் ஆக்ஸ்ஃபோர்டு கணித அறிஞர் இலத்தீன் மொழியில் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். தன்மையில் ‘ஷல்’ வந்தால் வெறும் முன்னறிவிப்பு, ‘வில்’ வந்தால் வாக்குறுதி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாகும் என்று அவர் விதி வகுத்தார். அந்த விதியை இன்று பேச்சில் கடைப்பிடிப்போர் அரிது. ஆயினும் அது ஓர் உண்மையைச் சுட்டியது. நடக்கப்போவதை அறிவிப்பது ஒன்று. நடத்தித் தருவதாக வாக்களிப்பது வேறொன்று. அவ்விரண்டையும் பிரித்துக் காட்ட அம்மொழி முயன்றிருக்கிறது.

‘வில்’ என்பதோடு ‘கோயிங் டு’ என்றொரு வடிவமும் ஆங்கிலத்தில் உண்டு. கருமேகம் திரண்டு நிற்பதைக் கண்டு சொல்பவன் இரண்டாவதைப் பயன்படுத்துவான். தன் கணிப்பாகச் சொல்பவன் முதலாவதைப் பயன்படுத்துவான். கண்முன் சான்று இருக்கிறதா, சொல்பவனின் எண்ணம் மட்டும்தானா என்ற வேறுபாடு அங்கே வினையிலேயே தெரிந்துவிடுகிறது. இரயில் ஆறு மணிக்குப் புறப்படும் என்பதை ஆங்கிலேயர் நிகழ்கால வினையிலேயே சொல்லி விடுவார்கள். அட்டவணை போட்டாகிவிட்டது என்பதே அதன் குறிப்பு. கதவு தட்டப்படும்போது ‘வில்’ சேர்த்து “அது தபால்காரராக இருக்கும்” என்பார்கள். அங்கே ‘வில்’ நாளையைப் பற்றியதே அன்று. இப்போதைய ஊகத்தைப் பற்றியது.

இன்னொரு சொல் ‘ஷுட்’. கடமையையும் எதிர்பார்ப்பையும் அது ஒருங்கே சுமக்கிறது. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவருக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. இரண்டு வாரத்துக்குள் சான்றிதழ் அவருக்குக் கிடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பதாக அதன் கருத்து. அவரோ ‘ஷுட்’ என்றால் ‘வேண்டும்’ என்று படித்தவர். இரண்டு வாரத்துக்குள் தாமே வந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்று புரிந்துகொண்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தேறிப் போய் வெறுங்கையோடு திரும்பினார். எழுதியவர் மேலும் குற்றமில்லை. படித்தவர் மேலும் குற்றமில்லை. அகராதி தந்த பொருள்களுள் ஒன்று மட்டும் நம் வகுப்பறைக்கு வந்து சேர்ந்திருந்தது.

உறுதியை வலியுறுத்தச் சேர்க்கும் சொல்லே சில வேளை உறுதியைக் குறைப்பதும் ஆங்கிலத்தில் உண்டு. மழை பெய்கிறது என்று சொல்பவன் மழையைப் பார்த்தவன். ‘மஸ்ட்’ சேர்த்து “பெய்துகொண்டுதான் இருக்க வேண்டும்” என்பவன் நனைந்த குடையை மட்டும் பார்த்தவன். பலாகா ஓதியவர்களுக்கு இது புதிதன்று. கேட்பவன் வெறும் மனத்தோடு இருந்தால் செய்தியை அப்படியே சொல். தயங்கினால் ஓர் உறுதிச் சொல் சேர். மறுத்தால் மேலும் சேர் என்று அக்கலை நமக்குக் கற்பிக்கிறது. ‘இன்ன’வும் ‘லாமு’ம் மிகுந்துவரும் இடத்தில் எதிரே மறுப்பவன் ஒருவன் நிற்கிறான் என்பது குறிப்பு.

‘லைக்லி’ என்றால் எவ்வளவு?

இவ்வளவு நுட்பமான படிகள் இருந்தும், ஆங்கிலம் பேசுவோர் தமக்குள்ளே ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொள்கிறார்களா? 1951இல் அமெரிக்க உளவுத்துறை தயாரித்த மதிப்பீடு ஒன்றில், யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நிகழ்வது ‘தீவிரமாகக் கருதத்தக்க சாத்தியம்’ என்று எழுதப்பட்டது. அதைத் தயாரித்தவர்களுள் முக்கியமானவரான ஷெர்மன் கென்ட் என்பவரிடம் உயர் அலுவலர் ஒருவர் அதன் பொருளைக் கேட்டார். நூற்றுக்கு 65 அளவில் நடக்கும் என்று தாம் கருதியதாகக் கென்ட் சொன்னார். கேட்டவர் திடுக்கிட்டார், அவர் அதைவிட மிகக் குறைவாக எண்ணியிருந்தார். பின்னர்க் கென்ட் தம்மோடு அந்த வாசகத்துக்கு ஒப்புதல் தந்த அறிஞர்களையே விசாரித்தார். ஒருவர் மனத்தில் நூற்றுக்கு 20. மற்றொருவர் மனத்தில் 80. ஒரே வாசகத்துக்கு எல்லோரும் உடன்பட்டிருந்தார்கள். ஒரே பொருளுக்கு அல்ல.

1964இல் இந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதிய கென்ட், சொற்களுக்கு எண்களைக் கட்டிவைக்க வேண்டும் என்று வாதிட்டார். ‘அநேகமாக உறுதி’ என்றால் நூற்றுக்கு 93, சற்றுக் கூடலாம் குறையலாம். ‘நடக்கத்தக்கது’ என்றால் 75. இப்படியே கீழே இறங்கும் ஓர் ஏணியை அவர் முன்வைத்தார். அதை ஏற்ற தம் சகாக்களைக் ‘கணிதக்காரர்கள்’ என்றும், ஏற்காதவர்களைக் ‘கவிஞர்கள்’ என்றும் அவர் பிரித்தழைத்தார்.

பருவநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டுக் குழுவும் இந்த வழியையே பின்பற்றுகிறது. அக்குழுவின் அறிக்கைகளில் ‘லைக்லி’ என்றால் நூற்றுக்கு 66க்கு மேல். ‘வெரி லைக்லி’ என்றால் 90க்கு மேல். புவி வெப்பமடைவதற்கு மனிதனே முதன்மைக் காரணம் என்பதை 2007இல் ‘வெரி லைக்லி’ என்றும், 2013இல் அதற்கு மேலாக 95ஐத் தாண்டிய படியிலும் வைத்த அக்குழு, 2021இல் மனிதச் செல்வாக்கு ஐயத்துக்கு இடமற்றது என்றே அறிவித்தது. சொல் மாறியதைக் கொண்டே அறிவு வளர்ந்ததை அளந்துகொள்ளலாம்.

இப்போது நம் இந்திய வானிலைத் துறைக்கு வருவோம். அதன் அறிக்கைகளின் அடியிலும் ஓர் அட்டவணை உண்டு. நூற்றுக்கு 25க்குக் கீழே ‘அன்லைக்லி’. 25 முதல் 50 வரை ‘லைக்லி’. 50 முதல் 75 வரை ‘வெரி லைக்லி’. 75க்கு மேல் ‘மோஸ்ட் லைக்லி’. வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பருவநிலைக் குழுவின் ஏட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டதைக் குறிக்கும் அதே சொல், நம் வானிலை அறிக்கையில் பாதியைத் தாண்டாத அளவைக் குறிக்கிறது. அன்றாட ஆங்கிலத்தில் அச்சொல்லைக் கேட்பவன், நடக்காமல் போவதைவிட நடப்பதற்கே அதிக இடமுண்டு என்றுதான் புரிந்துகொள்வான்.

‘ஓரிரு இடங்களில்’ என்பதற்கும் அத்துறை அளவு வைத்திருக்கிறது. அப்பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாதவை என்பதே அதன் பொருள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் பெரியவரின் குறிப்பிட்ட இரண்டு ஏக்கரில் மழை விழாமல் போவதற்கே மிகுதியான இடம் இருந்தது. அறிக்கை எழுதியவர் பொய் சொல்லவில்லை. அட்டவணையில் உள்ளபடி நேர்மையாகவே எழுதியிருந்தார். அந்த அட்டவணை பெரியவரின் கைபேசிக்கு வந்து சேரவில்லை.

எறும்பு கண்ட மழை

தமிழில் இத்தகைய படிகளைச் சொல்ல இயலாது என்று ஆங்கிலம் கற்றோர் சிலர் சொல்வதுண்டு. இது தமிழை அறியாதவர் கூற்று.

‘மழை வரப்போகிறது’ என்பதற்கும் ‘மழை வரும்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, மேலே கண்ட ஆங்கில வேறுபாடேதான். அதற்கு மேலும் கீழும் எத்தனை படிகள்! வந்தே தீரும், வந்துவிடும், பெரும்பாலும் வரும், வரக்கூடும், வரலாம், வந்தாலும் வரலாம், வருமோ என்னவோ, வருவது அரிது, வராது. இந்த ஏணியை எந்த இலக்கண ஆசிரியரும் நம் கிராமத்தாருக்குக் கற்பிக்கவில்லை. சந்தையில் ஆட்டுக்கு விலை பேசுபவரும் படி தவறாமல் இதில் ஏறி இறங்குகிறார். கதவு தட்டப்படும்போது ‘தபால்காரராக இருக்கும்’ என்று எதிர்கால வினையால் ஊகத்தைச் சொல்லும் வழக்கமும் நமக்கு உண்டு. ‘இந்த வண்டி கிளம்பமாட்டேன் என்கிறது’ என்று, மறுப்புச் சொல்லாலேயே உயிரற்றதன் எதிர்மறையைச் சொல்வதும் ஆங்கிலத்தில் உள்ளவாறே நம்மிடமும் உண்டு.

இலக்கண நூல்களும் இதைக் கவனித்திருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், காலங்கள் ஒன்றற்கொன்று இடம் மாறி வருவதற்கு நான்கு காரணங்களைக் கூறுகிறது: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. தொல்காப்பியத்திலும் இதற்கு வேர் உண்டு. அழைத்தவருக்கு இன்னும் புறப்படாதவன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது விரைவு. தெளிவுக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. எறும்புகள் முட்டைகளைச் சுமந்து மேட்டின்மேல் ஏறுவதைக் கண்டு, மழை நிச்சயம் என்று தெளிந்தவன், ‘மழை பெய்தது’ என்று இறந்தகாலத்திலேயே சொல்லிவிடலாம் என்கிறார்கள். ஆக, நம் இலக்கணத்தில் உறுதிக்குக் காட்டப்பட்ட சான்றே ஒரு வானிலை அறிவிப்புத்தான்.

அரபியிலும் இதே நெறி உண்டு. வருவது உறுதியானால் அதை வந்துவிட்டதாகச் சொல்வது பலாகாவின் விதிகளுள் ஒன்று. திருக்குர்ஆனின் பதினாறாம் அத்தியாயமான அந்நஹ்லின் முதல் வசனம் இறைக் கட்டளை வருவதை இறந்தகால வினையால் அறிவித்துவிட்டு, அதை அவசரப்படுத்த வேண்டாம் என்றும் சொல்வதை விரிவுரையாளர்கள் இவ்வாறே விளக்குவர். ‘கத்’ என்னும் இடைச்சொல் இறந்தகால வினையோடு சேர்ந்தால் உறுதியையும், மற்றதோடு சேர்ந்தால் பெரும்பாலும் குறைவையும் ஐயத்தையும் தருகிறது. ‘இதா’ என்றால் நிகழும் என்று நம்பப்படும் நிபந்தனை. ‘இன்’ என்றால் ஐயத்துக்குரிய நிபந்தனை. எதிர்காலத்தைக் காட்டும் ‘ஸீன்’, ‘ஸவ்ஃப’ ஆகிய இரண்டில் பின்னது தொலைவான காலத்தைக் குறிக்கும் என்று பஸரா இலக்கணத்தார் சொல்ல, இப்னு ஹிஷாம் அதை ஏற்கவில்லை. தம் மொழியில் நாளையின் தொலைவை அளக்கவும் நம் முன்னோர் வாதிட்டிருக்கிறார்கள்.

நம் மொழிக்கும் ஒரு குறை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ‘உம்’ என்று முடியும் வினை வழக்கத்தையும் வருங்காலத்தையும் ஒன்றாகவே சொல்கிறது. ‘ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படும்’ என்ற வாக்கியம் வழக்கமா, அறிவிப்பா, வாக்குறுதியா? 2022இல் நீர் நிறைந்திருந்ததால் மே 24 அன்றே அணை திறக்கப்பட்டது. 2024இல் நீரில்லாமல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த வாக்கியத்தை வழக்கமாகப் படித்தவன் ஏமாறவில்லை. வாக்குறுதியாகப் படித்து நாற்றங்காலுக்கு ஆயத்தமான டெல்டா விவசாயி ஏமாந்தான். ஒரே வினை பல சுமைகளைத் தாங்கும்போது, ‘வழக்கமாக’ என்றோ ‘அரசு அறிவித்தபடி’ என்றோ ஒரு சொல்லைக் கூட்டி எழுதுவது எழுதுபவரின் கடமை.

‘வாய்ப்பு’ என்னும் சொல்

இத்தனை படிகள் கொண்ட ஏணியை விட்டுவிட்டு, நம் செய்தித் தமிழ் ஒரே படியில் ஏறி நின்றுகொண்டிருக்கிறது. அந்தப் படியின் பெயர் ‘வாய்ப்பு’. மண்டல வானிலை மையத்தின் தமிழ் அறிக்கைகளில் ‘பெய்யக்கூடும்’ என்ற நல்ல வடிவம் வழக்கமாக இடம்பெறுகிறது. அது செய்தித் தலைப்பாகும்போது ‘மழைக்கு வாய்ப்பு’ ஆகிவிடுகிறது. அளவு எதுவானாலும், நூற்றுக்கு 30 ஆனாலும் 80 ஆனாலும், வாசகனுக்குக் கிடைப்பது அந்த ஒரே சொல்தான்.

சொல்லின் பொருளும் இடறுகிறது. வாய்த்தல் என்றால் நன்றாய் அமைதல், கைகூடுதல். நல்ல மருமகன் வாய்த்தான் என்போம். வேலைக்கு வாய்ப்புக் கிடைத்தது என்போம். ஆங்கிலத்தில் ‘சான்ஸ்’ என்ற சொல் நன்மை தீமை இரண்டுக்கும் பொதுவானது. அதை அப்படியே பெயர்த்ததன் விளைவாக, ‘புற்றுநோய் வர வாய்ப்பு உள்ளது’ என்றும், ‘வீடுகள் இடியும் வாய்ப்பு’ என்றும் எழுதுகிறோம். மருத்துவர் நோயாளியிடம் இப்படிச் சொல்லும்போது, அச்சமூட்டும் செய்தி வரம் தருவதுபோல் ஒலிக்கிறது. தீமைக்கு ‘அபாயம்’ என்றும், ‘ஏற்படக்கூடும்’ என்றும் சொல்ல நமக்கு ஏற்கெனவே தமிழ் உண்டு.

அளவு குறித்த சொல்லைப் பொதுமக்கள் புரிந்துகொள்ளமாட்டார்கள் என்பதும் சரியான வாதமன்று. ‘கனமழை’ என்ற சொல் இன்று வெறும் அடைமொழி அல்ல; ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்வதற்கு அது பெயர். அதற்கு மேல் 204.4 வரை ‘மிக கனமழை’. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைப் பள்ளிப் பிள்ளைகளும் விளங்கிக்கொள்கிறார்கள். மழையின் அளவுக்குச் சொல்லைக் கட்டிவைத்ததுபோல, மழையின் உறுதிக்கும் கட்டிவைக்க இயலும். துறையின் நான்கு படிகளுக்கும் நம் வழக்கிலிருந்தே நான்கு வடிவங்களை எடுக்கலாம். முதற்படிக்குப் ‘பெய்வது அரிது’, இரண்டாவதற்குப் ‘பெய்தாலும் பெய்யலாம்’, மூன்றாவதற்குப் ‘பெய்யக்கூடும்’, நான்காவதற்குப் ‘பெரும்பாலும் பெய்யும்’. இவற்றின் அருகே ‘நூற்றுக்கு இவ்வளவு’ என்ற எண்ணும் இருக்கட்டும். சொல் மட்டும் போதாது என்பதைக் கென்டின் அனுபவம் காட்டிவிட்டது. எண் மட்டும் போதாது என்பதை எங்கள் தெருப் பெரியவர் காட்டுவார்.

ஐயமும் ஒப்படைப்பும்

பிறர் மொழியையும் செய்தித்தாளையும் குறை சொல்லிவிட்டு நம் நாவை விட்டுவிடுவது நியாயமாகாது. நாளையைப் பற்றிப் பேசும்போது நாம் சேர்க்கும் ‘இன்ஷா அல்லாஹ்’ இன்று எந்தப் படியில் நிற்கிறது?

2020 செப்டம்பர் 29 அன்று நடந்த அமெரிக்க அதிபர் வேட்பாளர் விவாதத்தில், தம் வருமானவரி விவரங்களை மக்கள் காண்பார்கள் என்று டிரம்ப் சொன்னபோது, ஜோ பைடன் “எப்போது, இன்ஷா அல்லாஹ்வா?” என்று இடைமறித்தார். ஒருபோதும் நடக்காது என்பதற்கு மறுபெயராக அச்சொல் அங்கே ஆளப்பட்டது. கேட்டு மனம் வருந்திய முஸ்லிம்கள் உண்டு. ஆனால் அந்தப் பொருளை ஆங்கிலேயருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? கடன் கேட்பவனிடமும், மகள் திருமணத்துக்கு அழைப்பவரிடமும், மறுக்க மனமின்றி அதைச் சொல்லி அனுப்பும் நாமேதாம்.

உண்மையில் அச்சொல் நிகழ்தகவின் ஏணியில் எந்தப் படியும் அல்ல. ‘நாளை இதைச் செய்வேன்’ என்று இறைநாட்டத்தைச் சேர்க்காமல் சொல்ல வேண்டாம் என்று அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்கள் அறிவுறுத்துகின்றன. அங்கே பேச்சு, செய்வேன் என்ற வாக்கைப் பற்றியது. நபி (ஸல்) அவர்கள் அடக்கத்தலத்துக்குச் செல்லும்போது, அங்கே உறங்குவோரிடம், அல்லாஹ் நாடினால் நாங்களும் உங்களை வந்தடைவோம் என்னும் கருத்தில் சொன்னதாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. மரணத்தைவிட உறுதியானது எது? அதோடும் அச்சொல் சேர்ந்து வருகிறது. புனிதப் பள்ளியில் நுழைவீர்கள் என்ற வாக்குறுதியிலும் (அல்ஃபத்ஹ் 27) அது சேர்ந்து வருகிறது, வாக்களிப்பவனோ அல்லாஹ். ஆகவே ஐயத்துக்கு அச்சொல்லில் கட்டாய இடம் இல்லை.

‘நான் இறைநம்பிக்கையாளன், இன்ஷா அல்லாஹ்’ என்று சொல்லலாமா என்பதில் நம் இமாம்கள் வாதிட்டது இங்கே நினைவுகொள்ளத் தக்கது. ஹனஃபி அறிஞர்கள் அதை விரும்பவில்லை. கேட்பவனுக்கு அது ஐயமாக ஒலிக்கும் என்றார்கள். ஷாஃபியீ அறிஞர் பலர் அனுமதித்தார்கள். தன் முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைக்கும் பணிவு அது என்றார்கள். இரு தரப்பாரும் ஒன்றில் உடன்பட்டிருந்தார்கள்: ஐயமும் ஒப்படைப்பும் வெவ்வேறு. அந்த வேறுபாட்டை இன்று நம் அன்றாடப் பேச்சு மறந்துவிட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டார். ‘இன்ஷா அல்லாஹ், தருகிறேன்’ என்றேன். எனக்கு நேரமில்லை என்பது சொல்லும்போதே தெரியும். அவர் இரு முறை வந்து திரும்பினார். மூன்றாம் முறை வரவில்லை. முடியாது என்று அன்றே சொல்லியிருந்தால் அவர் வேறொருவரை நாடியிருப்பார். இறைவனின் பெயரை என் தயக்கத்துக்குத் திரையாக்கினேன் என்பது இன்றும் உறுத்துகிறது. ‘முயல்வேன்’ என்றால் முயல்வேன் என்றும், ‘கடினம்’ என்றால் கடினம் என்றும் அளவைச் சொல்லிவிட்டு, அதன்பின் இன்ஷா அல்லாஹ் சேர்ப்பதே முறை. அளவைச் சொல்வது நம் பொறுப்பு; முடிவு அவன் கையில்.

மறுநாள் காலை பெரியவரிடம் சென்று, அறிக்கையின் கணக்கைச் சொன்னேன். “அண்ணே, பெய்தாலும் பெய்யலாம்னுதான் எழுதியிருக்காங்க. பாதிக்குப் பாதிகூட இல்லை” என்றேன். அவர் சிறிது நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, “அதை அப்படியே எழுதியிருக்கலாமில்ல பாய்?” என்றார். விதைப்பை அடுத்த மழைக்குத் தள்ளிவைத்தார். அந்த வாரம் பெய்ததா இல்லையா என்பது இங்கே முக்கியமன்று. பெய்திருந்தாலும் அவர் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார். எவ்வளவு தெரியுமோ அவ்வளவையே அவரிடம் சொல்லியிருந்தேன்.